நான்காவது குறிப்பேடு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்து வாயிலில் தயங்கி நின்றார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். வாரம் ஒரு முறை ஊருக்கு வருபவர். உட்காரச் சொன்னேன். சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சாமி, ஒரு நாவல் எழுதணும்னு ஆசை. மூணு தடவை ஆரம்பிச்சு விட்டுட்டேன். எப்படி எழுதறதுன்னு நீங்க சொல்லித் தரணும்."

நான் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று இரும்பு அலமாரியைத் திறந்து, நான்கு குறிப்பேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இவற்றில் மூன்று தோல்விகள். நான்காவது இன்னும் முடியவில்லை. ஏன் தோற்றேன் என்பதைத்தான் நான் சொல்லித் தர முடியும்" என்றேன். அன்று அவரிடம் கூறியவற்றைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எழுதும் ஆசையை உள்ளத்தில் மறைத்து வைத்திருக்கும் பொதுநிலையினர் நம்மிடையே பலர் உண்டு என்பதை நான் அறிவேன்.

ஒரு பங்குத்தந்தைக்குப் புதினம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தபோது, அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். அவருக்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே வீரமாமுனிவர் பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்துத் தமிழரைச் சிரிக்க வைத்தார். ஆகவே கதை சொல்லுதல் நம் வீட்டுக்குப் புதிய விருந்தாளி அன்று.

முதல் குறிப்பேட்டில் 1998 என்று ஆண்டு போட்டிருக்கிறது. நான் குருப்பட்டம் பெற்ற ஆண்டு அது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எல்லாமே புதிதாகத் தொடங்கும் காலம். மழை பொய்த்து, நிலத்தை விட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கதையை எழுத எண்ணினேன். குருமடத்தில் ஆய்வேடு எழுதிப் பழகிய கை. முதலில் பொருளடக்கம் போட்டேன், பன்னிரண்டு அதிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரு நோக்கம், ஒரு முடிவுரை. புனித தோமா அக்வினாவின் 'இறையியல் சுருக்கம்' எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை இறையியல் பயின்றவர்கள் அறிவர்: முதலில் ஒரு வினா, அதன்மேல் எழும் மறுப்புகள், பிறகு தீர்வு, இறுதியில் ஒவ்வொரு மறுப்புக்கும் விடை. என் கதையில் நடந்ததும் அதுவே. தகப்பன் மறுப்பாகப் பேசினான். தாய் தீர்வாகப் பேசினாள். பிள்ளைகள் இருவரும் விடைகளாக நின்றார்கள். நாற்பது பக்கங்களில் ஒருவருக்கும் பசிக்கவில்லை. பசியைப் பற்றி மட்டும் அனைவரும் நன்றாகப் பேசினார்கள்.

அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் தம் கதை ஒன்றைப் பற்றிக் கூறியதைப் பின்னாளில் அறிந்தேன். அக்கதையில் ஒரு பெண்ணின் மரக்காலை ஒருவன் திருடிச் செல்கிறான். அவன் திருடப் போகிறான் என்பது, அந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் முன்புவரை எழுதியவருக்கே தெரியாதாம். மறையுரை செய்பவன் முடிவை அறிந்துகொண்டுதான் பீடத்தில் ஏற வேண்டும். கதை எழுதுபவனுக்கு அது கட்டாயமன்று. சிலருக்கு அது கேடாகவும் முடியும். எனக்கு அது கேடாகவே முடிந்தது.

இரண்டாம் குறிப்பேடு 2006ஆம் ஆண்டினது. இம்முறை திட்டமே வேண்டாம், ஒழுங்கான நேரம் போதும் என்று முடிவு செய்தேன். ஆங்கிலப் புதின ஆசிரியர் ஆண்டனி டிராலப் அஞ்சல் துறை அலுவலர். நாள்தோறும் அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்வார். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு கால் மணிக்கு இருநூற்றைம்பது சொற்கள் எழுதுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக ஒரு முதிய பணியாளுக்குத் தனி ஊதியமே கொடுத்தார். அவ்வாறு நாற்பத்தேழு புதினங்கள் எழுதி முடித்தார். நம் கல்கியும் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'பொன்னியின் செல்வ'னை எழுதியவர். இதழ் அச்சேறும் நாள் அவருக்குக் கடிகாரமாயிருந்தது.

நானும் கடிகாரம் வைத்தேன். இரவு ஒன்பது முதல் பத்து வரை என்று குறித்தேன். ஆனால் பங்குத்தந்தையின் இரவு அவனுடையது அன்று. நோயில்பூசுதலுக்கு அழைப்பு வரும். கணவன் மனைவி சண்டை தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறு வரும். ஒரு வாரம் எழுதினால் மூன்று வாரம் நிற்கும். நின்ற இடத்துக்குத் திரும்பும்போது என் பாத்திரங்களின் பெயர்களே எனக்கு மறந்திருக்கும். எழுதாத நாளின் குற்றவுணர்வு எழுதும் நாளையும் கெடுத்தது. எழுபது பக்கத்தில் நின்றுபோனது. ஒரே ஒரு பயன் உண்டு: என்னிடம் யாரும் கேட்காத நேரம் நாளில் ஒன்றுதான், அது விடியலுக்கு முன் நான்கு மணி முதல் ஐந்தேகால் வரை என்பதை அந்தத் தோல்வி எனக்குக் காட்டிக் கொடுத்தது.

மூன்றாம் குறிப்பேட்டைப் பற்றி எழுதுவது எளிதன்று.

ராஜம் கிருஷ்ணன் தாம் எழுதப்போகும் மக்களிடையே சென்று தங்கி, அவர்கள் வாழ்வை நேரில் கண்டு எழுதியவர். நீலகிரிப் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்', கடற்கரை மீனவரைப் பற்றி 'அலைவாய்க் கரையில்' எல்லாம் அவ்வாறு பிறந்தவை. அவற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: அந்த அம்மையார் தேடிச் சென்று கேட்டதை, மக்கள் என் வாயிற்படிக்கே வந்து சொல்லுகிறார்களே! நான் செய்ய வேண்டியது கேட்பது ஒன்றுதானே!

2013இல் எழுதத் தொடங்கினேன். இம்முறை கை ஓடியது. அப்போது நான் இருந்த பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். தம் இளமையில் அந்த வீட்டில் நிகழ்ந்த ஒன்றைத் திண்ணையில் அமர்ந்து எனக்குச் சொல்லியிருந்தார். என்ன நிகழ்ந்தது என்பதை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. நம் மாவட்டத்தின் துயரங்களில் ஒன்று என்று மட்டும் சொல்லுகிறேன். அதை ஓர் அதிகாரமாக எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினேன். நான் எழுதியவற்றுள் அதுவே உயிருள்ள பகுதி என்று எனக்குத் தெரிந்தது. பேச்சுவழக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி உபதேசியாரிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"சாமி, பேரை மாத்திட்டீங்க. அந்தப் புங்க மரத்தை மாத்தலையே."

எனக்குப் புரியவில்லை.

"இது எங்க பெரியம்மா வீடு சாமி. இவ்வளவு வருசமா எனக்கு இது தெரியாது."

அன்று அவர் என்னைக் கோபித்திருந்தால் நலமாயிருக்கும். அவர் கோபிக்கவில்லை. தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, மாலை வழிபாட்டுக்கு மணி அடிக்கப் போனார். அந்த மணியோசையை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு குடும்பம் இறக்கும்வரை பேசாமல் புதைத்து வைத்திருந்ததை, நல்ல நடையில் எழுதப்பட்டிருக்கிறது என்ற பெருமையோடு, அந்தக் குடும்பத்தின் பிள்ளை கையிலேயே நான் கொடுத்திருந்தேன்.

அது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது அன்று, திண்ணையில் கேட்டதே. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை மீற முடியாதது என்று திருச்சபைச் சட்டம் 983 கூறுகிறது. அதற்கு அடுத்த சட்டம் இன்னும் நுட்பமானது: இரகசியம் வெளிப்படும் ஆபத்து இல்லாவிட்டாலும், அங்கே பெற்ற அறிவை, அறிக்கையிட்டவருக்குத் தீங்காகும் வகையில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. குருமடத்தில் இவ்விரண்டையும் தேர்வுக்காகப் படித்தவன் நான். அந்த இரவில்தான் அவற்றை உண்மையாகப் படித்தேன். ஓர் எழுத்தாளனின் நினைவில் அறைகள் இல்லை. திண்ணையில் கேட்டது, சாவு வீட்டில் கேட்டது, மருத்துவமனையில் கேட்டது, எல்லாம் ஒரே மண்ணில் ஊறி, எழுதும்போது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே வருகின்றன. வேறு ஒருவனுக்கு அது செல்வமாக இருக்கலாம். மக்கள் தங்கள் பாரத்தை இறக்கி வைப்பதற்காகவே நியமிக்கப்பட்டவனுக்கு அது ஆபத்து. என்னிடம் சொன்னவர்கள் ஒரு குருவிடம் சொன்னார்கள்; ஒரு புதின ஆசிரியனிடம் சொல்லவில்லை.

அந்த அதிகாரத்தை எரித்தேன். எஞ்சிய பக்கங்களைக் கட்டி வைத்தேன். உபதேசியார் இன்று இல்லை, மூதாட்டியும் இல்லை. இந்த அளவுக்கேனும் எழுதலாமா என்று உபதேசியார் மறைவதற்கு முன்னரே கேட்டு, அவர் இசைவைப் பெற்றேன். "மரத்தை மட்டும் மாத்திருங்க சாமி" என்றார். மாற்றியிருக்கிறேன்.

ஏழாண்டுகள் ஒன்றும் எழுதவில்லை. ஆயினும் படித்தேன். புனித லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே தம் எழுத்து முறையைச் சொல்லிவிடுகிறார்: கண்டவர்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒழுங்குபட எழுதுவதாக. அதே லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இரண்டு இடங்களில், அன்னை மரியா அனைத்தையும் தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார் என்றும் எழுதுகிறார். எழுதுவதும் எழுதாமல் உள்ளத்தில் வைத்துக்கொள்வதும் ஒரே நூலில் அருகருகே இருக்கின்றன. புனித அகுஸ்தீன் ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஒப்புதல்க'ளில், சிறுவயதில் அடுத்தவர் தோட்டத்துப் பேரிக்காயைத் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். ஆயராயிருந்த அவர் எத்தனை பேருடைய கதைகளை அறிந்திருப்பார்! எழுதத் தேர்ந்தது தம் சொந்தத் திருட்டை. இதைக் கண்ட பிறகே எனக்கு வழி புலப்பட்டது. எப்படி எழுதுவது என்று பதினைந்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருடைய கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

2020இல் பெருந்தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டிருந்த நாள்களில் நான்காம் குறிப்பேட்டைத் திறந்தேன். எனக்கு உரிமையான கதை ஒன்றுதான் இருந்தது. 1982இல் எங்கள் கிணறு வற்றியது. கவலை மாடுகள் இரண்டையும் அப்பா விற்றார். வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்க வழியில்லை. எட்டாம் வகுப்பில் இருந்த அக்காள் பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்குப் போனாள்; நான் விடுதிப் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்து குருமடம்; அங்கிருந்து பீடம். தம்பியின் இறையழைத்தலுக்காக அக்காள் மனமுவந்து செய்த தியாகம் என்றே நான் எழுதியிருக்கிறேன்.

ஐந்து பக்கம் எழுதியதும், தளர்வு அறிவிக்கப்பட்ட பிறகு, பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனேன். உன் கதையை எழுதலாமா என்று கேட்டேன். என் குருப்பட்டத்துக்குப் பிறகு பிறர் முன்னிலையில் அவளும் என்னைச் 'சாமி' என்றே அழைப்பாள். அன்று அவரை உரித்துக்கொண்டே, "படி தம்பி, கேக்கறேன்" என்றாள்.

படித்தேன். அவள் மகிழ்ந்து பள்ளியை விட்ட இடம் வந்தது. அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"நான் மனசாரப் போனேன்னு உனக்கு யாரு சொன்னா?"

நான் விழித்தேன்.

"யாருமே என்னைக் கேக்கலை தம்பி. காலையில எழுந்தா, பையை எடுத்து மாட்டிட்டு நீ பஸ்ஸுக்குப் போற. என் கையில கூடையைக் குடுத்தாங்க. அவ்வளவுதான்." சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "எழுது. ஆனா நான் அழுததா எழுதாதே. நான் அழலை."

முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் நம்பி வந்த ஒரு தியாகம் அந்தத் திண்ணையில் முடிந்தது. கேட்டுக் கொடுப்பது தியாகம். கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு என்ன பெயர்? நான் ஒரு வார்த்தையும் பேச முடியாமல் இருந்தேன். அவள்தான் மேலே படிக்கச் சொன்னாள். புதினம் அன்றுதான் தொடங்கியது.

இப்போது என் முறை இதுதான். நான்கு மணிக்கு எழுந்து கையால் ஒரு பக்கம் எழுதுகிறேன். அதற்கு மேல் இல்லை. ஆறு மணிக்குத் திருப்பலி. வலப்பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். தொடங்கியவுடன் கதை வராது. இதை அப்பாவின் கவலையிலிருந்து கற்றேன். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலேறும். பின்னோக்கி ஏறினால் சால் கீழிறங்கும். விடியலில் இறைக்கும் முதல் பத்துச் சால் நீரைக் காய்ந்த வாய்க்காலே குடித்துவிடும். பயிருக்கு ஒரு துளியும் போய்ச் சேராது. அப்பா அதற்காக இறைப்பதை நிறுத்தியதில்லை. வாய்க்கால் நனைந்தால்தானே நீர் ஓடும் என்பார். ஆகவே முதல் அரைப் பக்கத்தில் மனத்தில் தோன்றியதை எழுதி, பிறகு அடித்துவிடுகிறேன். அது வீணன்று. எழுதாமல் போன நாள்களுக்காக இப்போது என்னை நானே தண்டித்துக்கொள்வதும் இல்லை. மழை நாளில் கவலை ஓட்டுவார் உண்டோ?

முடிவை நான் தீர்மானிக்கவில்லை. பிறர் ஒரு குருவிடம் சொன்னது என்று ஐயம் எழும் எதையும், எவ்வளவு அழகாயிருந்தாலும், எடுப்பதில்லை. மாதம் ஒரு திங்கட்கிழமை அக்காள் வீட்டுக்குச் சென்று, எழுதியதை உரக்கப் படிக்கிறேன். அவள் சொல்லும் திருத்தங்கள் இடப்பக்கத்துக்குப் போகின்றன. ஆறாண்டில் இருநூறு பக்கம் நெருங்குகிறது. அச்சேறுமோ தெரியாது.

இளைஞர் அனைத்தையும் கேட்டுவிட்டு, "அப்போ நானும் விடியக்காலம் எழுந்திருக்கணுமா சாமி? எனக்கு ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு ஆச்சே" என்றார்.

வேண்டாம் என்றேன். துறவு இல்லத்திலிருந்து வெளியே வந்த பாமா, தம் ஊரின் பேச்சிலேயே தம் வாழ்வை எழுதி, 1992இல் 'கருக்கு' பிறந்தது. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ், கப்பல் தொழிலில் இருந்துகொண்டே 'ஆழி சூழ் உல'கையும், 2013இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற 'கொற்கை'யையும் எழுதினார். 'விஷ்ணுபுரம்' எழுதிய ஜெயமோகன் இதே தருமபுரியில் தொலைபேசித் துறை ஊழியராகப் பணியாற்றியவர். இவர்களுள் எவருடைய நேரமும் மற்றவருக்குப் பொருந்தாது. என் நான்கு மணி என் பணியிலிருந்து வந்தது. உங்கள் நேரம் உங்கள் வேலையிலிருந்து வரும். யாருடைய கதையைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்பதை மட்டும் முதலில் தெளிந்துகொள்ளுங்கள் என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். கம்பெனிப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அதில் நாலு நாலு வரியாக எழுதி வைத்திருக்கிறாராம். "இப்படி எழுதினா நாவல் ஆகுமா சாமி?" என்றார். ஏன் ஆகாது என்றேன்.

சென்ற மாதம் அக்காளுக்குப் படித்தது, அவள் பள்ளியை விட்ட நாளின் அதிகாரம். ஐந்தாம் முறை எழுதியது. முழுவதும் கேட்டாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எட்டாவதுல யாருடா சிலேட்டு வெச்சிருப்பா? நோட்டுன்னு எழுது. அட்டை கிழிஞ்ச நோட்டு" என்றாள். இடப்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

"இப்போ மறுபடி படி" என்றாள்.